மேகோம்ப் நீதிமன்றத்தில் உண்மையில் துணிந்தவர் யார்?

#1 செவ்வந்தி

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் நீதிமன்றம் வரும் அத்தியாயங்களை மட்டும் இந்த வாரம் மறுபடி படித்தேன். 1960-ல் வெளிவந்து, அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். 1962-ல் படமாகி, அதில் வக்கீலாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அதனாலோ என்னவோ, இந்தக் கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் வக்கீல் அட்டிகஸ் பிஞ்சிடம் போய் நின்றுவிடுகிறார்கள். எனக்கு டாம் ராபின்சனைப் பற்றிப் பேச வேண்டும்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அலபாமாவில் மேகோம்ப் என்று ஒரு கற்பனைச் சிற்றூர், 1935 கோடை. மயெல்லா யூவெல் என்ற 19 வயது வெள்ளைக்காரப் பெண்ணை டாம் என்ற கறுப்பினத் தொழிலாளி பலாத்காரம் செய்தார் என்பது வழக்கு. அவள் முகத்தில் வலது பக்கம் காயம். டாமின் இடது கையோ சிறு வயதிலேயே பருத்தி ஜின்னிங் மெஷினில் மாட்டிச் சிதைந்து, வலது கையைவிட ஓர் அடி குட்டையாகத் தொங்குகிறது. மயெல்லாவின் அப்பா பாப் யூவெல் இடதுகைப் பழக்கக்காரர். ஊரில் எல்லோருக்கும் உண்மை தெரிகிறது, இருந்தும் தண்டனை விழுகிறது.

அரசு வக்கீல் கில்மர் குறுக்கு விசாரணை செய்யும் இடத்தைக் கவனியுங்கள். கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் இத்தனை வேலை செய்து கொடுத்தாய் என்று கேட்கிறார். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்கிறார் டாம். வழக்கு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு கறுப்பர் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படுவதா? அந்த மேட்டிமையை அந்த ஊர் மன்னிக்காது. பொய்யாக வேறு காரணம் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கலாம். டாம் உண்மையைச் சொன்னார்.

அட்டிகஸ் நல்லவர், நேர்மையானவர், மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு வந்த இரவு அவர் வீட்டுக்குப் போகிறார். டாம் சிறைக்குப் போகிறார், பிறகு வேலி தாண்டி ஓடப் பார்த்தபோது 17 குண்டுகள் பாய்ந்து சாகிறார். அந்த அறையில் யாருக்கு இழக்க அதிகம் இருந்ததோ, அவருடைய துணிச்சலைத்தானே முதலில் பேச வேண்டும்?

#2 வழக்காடி

செவ்வந்தி, இருபது வருடத்துக்கு மேல் தாலுகா கோர்ட்டில் ஆஜராகிறவன் என்ற முறையில் அட்டிகஸ் பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

அட்டிகஸ் கோர்ட் நியமித்த வக்கீல். அப்படி நியமிக்கும் வக்கீல் என்றால் 1930-களின் அலபாமாவில் என்ன பொருள் என்பதைப் பார்க்க வேண்டும். அதே மாநிலத்தில் 1931 ஏப்ரலில் ஸ்காட்ஸ்பரோ என்ற சிற்றூரில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது வழக்கு நடந்தது. சரக்கு ரயிலில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மரண தண்டனை வரைக்கும் போகக்கூடிய வழக்கு. அவர்களுக்கு நின்றவர்கள் யார் தெரியுமா? ஒருவர் டென்னசியிலிருந்து வந்த, நில விவகாரங்கள் பார்க்கிற வக்கீல். அலபாமா சட்டம் எனக்குத் தெரியாது என்று அவரே கோர்ட்டில் சொன்னார். இன்னொருவர் உள்ளூர்க்காரர், 70 வயதை எட்டிக்கொண்டிருந்தவர், பல காலமாக இப்படி ஒரு வழக்கு நடத்தியதே இல்லை. கட்சிக்காரர்களோடு விசாரணைக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அதிகம். நான்கே நாளில் எல்லாம் முடிந்து, ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. 13 வயதுப் பையன் ஒருவனின் விசாரணையில் மட்டும், தீர்ப்புச் சொல்ல ஊர் மக்களிலிருந்து எடுத்த ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை.

அந்தப் பின்னணியில் அட்டிகஸ் செய்வதைப் பாருங்கள். பாப் யூவெலிடம் உறையைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்கிறார். எந்தக் கையால் எழுதுகிறான் என்று பன்னிரண்டு ஜூரிகளும் பார்க்கட்டும் என்பதற்காக. ஒரு வெள்ளைக்காரனைப் பொய்யன் என்று ஊர் நடுவில் நிரூபிப்பது அது. பேருக்கு நின்றுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விசாரணைக்கு முன்தினம் இரவு ஜெயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டாமைத் தாக்க வந்த கும்பலை எதிர்கொள்கிறாரே, எந்தச் சட்டமும் அதை அவரிடம் கேட்கவில்லை.

ஜூரி தீர்ப்புக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஜூரியில் இருந்த கன்னிங்ஹாம் குடும்பத்து ஆள் ஒருவர் விடுதலைக்காக வாதாடினார் என்று பிறகு தெரிகிறது. ஒரு ஜூரியின் மனதை அசைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கூண்டுக்கு எதிரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

#3 தறி

அப்படியானால் நாவலே அந்த ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பார்த்து எழுதியதா? யாராவது தெளிவுபடுத்துங்கள்.

#4 பனையோலை

தம்பி தறி, ஒரே வழக்கைக் காட்டி இதுதான் மூலம் என்று சொல்ல முடியாது. ஹார்ப்பர் லீ பிறந்தது 1926-ல், மன்ரோவில் என்ற ஊரில். ஸ்காட்ஸ்பரோ வழக்கு நடக்கும்போது குழந்தை. மாநிலமே அதைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர்.

ஆனால் சொந்த ஊரிலேயே போதுமான அளவு இருந்தது. அவருடைய அப்பா வக்கீல், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியரும்கூட. வக்கீலாக ஆரம்பித்த காலத்தில், 1919-ல், ஒரு கொலை வழக்கில் இரண்டு கறுப்பர்களுக்காக ஆஜரானார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கிரிமினல் வழக்கு எதையும் தொடவில்லை என்று லீயின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அடுத்து, 1933-ல் அதே ஊர்ப் பக்கத்தில் வால்டர் லெட் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது வெள்ளைக்காரப் பெண் ஒருவர் பலாத்காரப் புகார் கொடுத்தார். மரண தண்டனை விதித்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரே கவர்னருக்குச் சந்தேகம் தெரிவித்துக் கடிதம் எழுத, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அதற்குள் மரண தண்டனைக் கைதிகளின் அறையில் இருந்து இருந்தே அந்த மனிதரின் மனநிலை சிதைந்துபோனது. 1937-ல் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

கவர்னருக்கு எழுதியவர்களுக்கு அவர் குற்றம் செய்தாரா என்பதில் சந்தேகம். சந்தேகம் இருந்தால் விடுதலை கேட்க வேண்டும். அவர்கள் கேட்டது உயிரை மட்டும். அந்த ஊரின் நல்லெண்ணம் அந்த எல்லை வரைதான் வந்தது. மேகோம்ப் மனிதர்களை நான் அந்த எல்லையை வைத்துத்தான் படிக்கிறேன். அட்டிகஸை மனதுக்குள் பாராட்டுகிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள், ஆனால் அவர் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் மிகக் குறைவு.

#5 நெடுங்கரை

ஸ்காட்ஸ்பரோ வந்துவிட்டதால் நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டனைச் சொல்லாமல் போக முடியாது. கற்பனை அட்டிகஸுக்குப் பக்கத்தில் வைக்க நிஜத்தில் ஓர் ஆள் உண்டென்றால் எனக்கு இவர்தான்.

முதல் தீர்ப்புகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932 நவம்பரில் ரத்து செய்தது. மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்கில் ஒப்புக்கு வக்கீல் வைத்தால் போதாது, உருப்படியாக வாதாட வாய்ப்பிருக்க வேண்டும் என்றது. மறு விசாரணை 1933 மார்ச் மாதக் கடைசியில் டெகேட்டர் என்ற ஊரில் தொடங்கியது. நீதிபதி ஹார்ட்டன். முதலில் விசாரிக்கப்பட்டவர் ஹேவுட் பேட்டர்சன். நியூயார்க்கிலிருந்து சாமுவேல் லீபோவிட்ஸ் அவருக்காக வந்தார். புகார் கொடுத்த இருவரில் ஒருவரான ரூபி பேட்ஸ் அதே கோர்ட்டுக்கு வந்து, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாட்சி சொன்னார். அவர் போட்டிருந்த புதுத் துணியைக் காட்டி, நியூயார்க் காசு என்று அரசுத் தரப்பு சிரித்தது. நியூயார்க்கின் யூதப் பணத்துக்கு அலபாமா நீதி விலை போகாது என்று காட்டுங்கள் என ஓர் அரசு வக்கீல் ஜூரிகளைப் பார்த்துப் பேசினார். திறந்த கோர்ட்டில்! ஜூரி பேட்டர்சனுக்கு மரண தண்டனை கொடுத்தது.

ஹார்ட்டன் அவசரப்படவில்லை. விசாரணை நாட்களிலேயே கும்பல் கைதிகளைத் தாக்கப் போகிறது என்று செய்தி வந்தபோது, ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு, தாக்க வருகிறவர்களைச் சுடக் காவலர்களுக்கு உத்தரவு இருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னவர் அவர். 1933 ஜூன் 22 அன்று, அலபாமாவில் தன் சொந்த ஊரான ஏதென்ஸ் நீதிமன்றத்தில், ஜூரியின் தீர்ப்பை ரத்து செய்து புது விசாரணைக்கு உத்தரவிட்டார். புகாரில் உறுதியாக நின்ற மற்றப் பெண்ணின் சாட்சியத்தை ஒவ்வொரு வரியாக எடுத்து, மருத்துவர் சொன்னதோடு ஒப்பிட்டுக் காட்டினார். கூர்மையான ஜல்லி மேல் கிடத்தி ஆறு பேர் மாறி மாறி வன்முறை செய்தார்கள், தலையில் அடித்து ரத்தம் வந்தது என்றெல்லாம் அந்தப் பெண் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதித்த மருத்துவர் சில சிராய்ப்பும் கன்றலும் தவிர எதையும் பார்க்கவில்லை. இந்தச் சாட்சியத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றார் ஹார்ட்டன்.

இப்படிச் செய்தால் அடுத்த தேர்தலில் தோற்பீர்கள் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கே நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1934-ல் தோற்றார். அதற்குப் பிறகு நீதிபதி நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. அதே வருடம், அவர் முன்னால் அரசுத் தரப்பை நடத்திய அட்டர்னி ஜெனரல் தாமஸ் நைட் மாநிலத் துணை கவர்னராகத் தேர்வானார். வாக்காளர்களுக்கு எது பிடித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நாவலில் வரும் நீதிபதி டெய்லர், புதிதாக வந்த சின்ன வக்கீலுக்குக் கொடுக்க வேண்டிய வழக்கை வேண்டுமென்றே அட்டிகஸிடம் கொடுக்கிறார். அதுவரை நல்லதுதான். ஆனால் ஜூரி தீர்ப்பு சொன்னதும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. ஹார்ட்டன் அங்கே நின்றுவிடவில்லை.

#6 செவ்வந்தி

நெடுங்கரை, ஹார்ட்டன் பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கதையையும் நாம் எங்கே நிறுத்துகிறோம் பாருங்கள். ஹார்ட்டன் தோற்றார் என்பதோடு நிறுத்துகிறோம். பேட்டர்சன் என்ன ஆனார்?

ஹார்ட்டனிடமிருந்து வழக்கைப் பிடுங்கி கேலஹன் என்ற வேறு நீதிபதியிடம் கொடுத்தார்கள். அவர் முன்னால் மறுபடியும் மரண தண்டனை. அதை உச்ச நீதிமன்றம் 1935-ல் ரத்து செய்தது. 1936-ல் நான்காவது விசாரணை, 75 வருடச் சிறை. 1937-ல் ஒன்பது பேரில் நால்வர் மீது வழக்கைக் கைவிட்டார்கள். அதே புகார், அதே ரயில், அதே சாட்சியம், நான்கு பேர் நிரபராதி, மற்றவர்கள் குற்றவாளி! பேட்டர்சன் 1948-ல் சிறையிலிருந்து தப்பி மிச்சிகன் போனார். அந்த மாநில கவர்னர் அவரைத் திருப்பி அனுப்ப மறுத்தார். ஒன்பது பேரில் கடைசியாகச் சிறையை விட்டு வந்தவர் ஆண்டி ரைட், 1950-ல். பேட்டர்சன், ஆண்டி ரைட், சார்லி வீம்ஸ் மூவருக்கும் அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013-ல், எல்லோரும் செத்துப்போன பிறகு.

19 வருடம் ஒரு பொய்யை எதிர்த்து உயிரோடு இருப்பது துணிச்சல் இல்லையா? குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற பேச்சுவார்த்தை நடுவில் வந்தது. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்றார் பேட்டர்சன். அவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. டெகேட்டர் விசாரணையின்போது இளம் மருத்துவர் ஒருவர் ஹார்ட்டனைத் தனியே சந்தித்து, அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னாராம். கோர்ட்டில் வந்து சொல் என்றதற்கு, சொன்னால் ஸ்காட்ஸ்பரோவில் தொழில் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டாராம். பல வருடம் கழித்து ஹார்ட்டன் சொன்னது இது, மருத்துவர் மறுத்தார். ஹார்ட்டன் சொன்னது உண்மையென்றால், அந்த மருத்துவரைக் கூண்டில் ஏற்றாமல் விட்டதில் ஹார்ட்டனின் இரக்கம் யார் பக்கம் போனது? தொழில் போய்விடும் என்று பயந்தவர் பக்கம். உயிர் போகும் நிலையில் இருந்தவர் பக்கத்து அறையில் இருந்தார்.

#7 நெடுங்கரை

மிகக் கடுமையாகச் சொல்கிறீர்கள். மறுத்த மருத்துவரை வலுக்கட்டாயமாக ஏற்றினால் கூண்டில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? பயந்தவர் அங்கேயும் மழுப்பியிருப்பார், அது பேட்டர்சனுக்கு எதிராகவே போயிருக்கும். பின்னால் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று ஹார்ட்டன் நினைத்திருக்கலாம். அதைப் பயன்படுத்தவும் செய்தார்.

#8 குறிஞ்சி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செவ்வந்தி கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் ஒன்று இருக்கிறது. மோஸ் ரைட்.

1955 ஆகஸ்ட் 28, மிசிசிப்பி மாநிலம், மணி என்ற சிற்றூர்ப் பக்கம். சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை நள்ளிரவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வீடு புகுந்து தூக்கிப்போனார்கள். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை இல்லாமல் நடந்தான் என்பது காரணம். மூன்று நாள் கழித்து டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் முள்கம்பியால் பருத்தி ஜின்னிங் மெஷினின் இரும்பு விசிறியைக் கட்டியிருந்தார்கள். நாவல் டாமுக்குக் கொடுத்த ஊனமும் ஜின்னிங் மெஷினால் வந்தது. பருத்திதான் அந்தப் பூமி, அதில் கறுப்பர்களின் உடல் எப்படி மாட்டிக்கொண்டது என்பதற்கு இரண்டுமே சாட்சி.

பையன் தங்கியிருந்தது மோஸ் ரைட் வீட்டில். அவனுடைய தாத்தா முறை. 64 வயது, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு விவசாயம் செய்கிறவர், பிரசங்கியும்கூட. செப்டம்பரில் சம்னர் என்ற சின்ன ஊரில் விசாரணை. ஜூரிகள் 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். ஊரில் இருந்த ஐந்து வக்கீல்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஆஜரானார்கள். ஐந்து பேரும்! அட்டிகஸ் என்ற ஆள் அங்கே இல்லவே இல்லை. கறுப்பினப் பத்திரிகையாளர்களை ஓரமாக ஒரு சீட்டாட்ட மேசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அன்று இரவு உங்கள் வீட்டுக்கு வந்தவரை இங்கே காட்ட முடியுமா என்று அரசு வக்கீல் கேட்டார். மோஸ் ரைட் எழுந்து நின்று, கையை நீட்டி, ஜே. டபிள்யூ. மைலமைக் காட்டினார். பிறகு ராய் பிரையன்ட்டையும் காட்டினார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் வெள்ளைக்காரரை நேருக்கு நேர் கைநீட்டிக் கொலைக் குற்றம் சாட்டுவது என்றால் என்ன என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்று கறுப்பினப் புகைப்படக்காரர் ஒருவர் தடையை மீறி எடுத்த படத்தில் அந்த நீட்டிய கை இன்றும் இருக்கிறது.

அடுத்து வந்தவர் வில்லி ரீட், 18 வயது. கொட்டகைக்குள்ளிருந்து அடிக்கிற சத்தமும் அலறலும் கேட்டதைச் சொன்னார். குரல் எழும்பவில்லை, சத்தமாகப் பேசு என்று நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் சொன்னார். இருவருமே விசாரணைக்குப் பின் மிசிசிப்பியை விட்டுச் சிகாகோ போக வேண்டியதாயிற்று. நவம்பரில் ஆள்கடத்தல் வழக்குக்காக மறுபடி அதே மாநிலத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள். அப்போதும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை.

கொலை வழக்கில் ஜூரி 67 நிமிடத்தில் விடுதலை சொன்னது. 1956 ஜனவரியில் கொலையாளிகள் இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று விவரமாகச் சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது.

வக்கீலும் இல்லை, பாதுகாப்பும் இல்லை, தீர்ப்பு இப்படித்தான் வரும் என்றும் தெரியும். அப்படியும் எழுந்து கைநீட்டினார் அந்தக் கிழவர். அந்த நாவல் வெளிவருவதற்கு ஐந்து வருடம் முன்னால் நடந்தது இது.

#9 தறி

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. குறிஞ்சி அக்கா, நன்றி.

ஆனால் ஒரு கேள்வி. நாவலைச் சொல்வது அட்டிகஸின் மகள் ஸ்கவுட் என்ற சின்னப் பெண். அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும், டாமை அவளுக்குத் தெரியாது. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையின் பார்வையில் அப்பா பெரிதாகத் தெரிவது இயல்புதானே? அதை ஆசிரியர் மேல் குறையாகச் சொல்ல முடியுமா?

#10 பனையோலை

நல்ல கேள்வி தம்பி. ஸ்கவுட் எங்கே உட்கார்ந்து விசாரணையைப் பார்க்கிறாள் என்பதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கீழே வெள்ளைக்காரர்கள், மேலே மாடத்தில் கறுப்பர்கள். கீழே இடம் இல்லாததால் கறுப்பினப் பாதிரியார் சைக்ஸ் ஸ்கவுட்டையும் அவளோடு வந்த பிள்ளைகளையும் மேலே கூட்டிப்போகிறார். முன்வரிசையில் இருந்த நான்கு கறுப்பினப் பெரியவர்கள் எழுந்து, தங்கள் இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம். நான்கு பெரியவர்கள் தங்களுடைய ஆள் ஒருவனின் உயிர் போகிற விசாரணையை நின்றுகொண்டு பார்க்கிறார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் வசதியாக உட்காருவதற்காக. ஸ்கவுட்டுக்கு அது வினோதமாகவே தோன்றவில்லை. லீ அந்த இடத்தில் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை, ஆனால் எழுதிவைத்திருக்கிறார்.

தீர்ப்புக்குப் பிறகு அட்டிகஸ் வெளியே போகும்போது மாடத்தில் எல்லோரும் எழுந்து நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலிலேயே மிகப் புகழ்பெற்ற இடம். எனக்கு அதுதான் உறுத்துகிறது. டாம் அந்த அறையை விட்டுப் போகும்போது யாராவது எழுந்தார்களா? மாடத்தில் அமர்ந்திருந்தவர்கள் நிஜத்தில் அன்று யாரை நினைத்திருப்பார்கள்? டாமின் மனைவி ஹெலனை, அவர்களுடைய குழந்தைகளை நினைத்திருப்பார்கள். கதை சொல்கிறவளுக்கு அப்பா பெரிது என்பது சரி, ஆனால் மாடமே அப்பாவைப் பெரிதாக நினைத்தது என்று காட்டியது ஆசிரியரின் தேர்வு.

அந்த ஹெலனும் நாவலில் இருக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் யூவெல் வீட்டைத் தாண்ட வேண்டும். கல்லெறிவார்கள் என்று ஒரு மைல் சுற்றிப் போகிறார். வேலை கொடுத்த லிங்க் டீஸ் போய் யூவெலை மிரட்டிய பிறகுதான் நேர் வழியில் போக முடிகிறது. இந்த லிங்க் டீஸ் வேறு யாரும் இல்லை, விசாரணை நடுவில் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, எட்டு வருடமாக டாம் என்னிடம் வேலை செய்கிறான், ஒரு தொந்தரவும் இல்லை என்று கத்தி, நீதிபதியிடம் திட்டு வாங்கி வெளியே அனுப்பப்பட்டவர்.

#11 வழக்காடி

பனையோலை ஐயா சொன்ன மாடம் விஷயம் எனக்குப் புதிது. மறுபடி எடுத்துப் படிப்பேன்.

ஆனால் வக்கீலை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த விவாதம் முடிவதில் எனக்குச் சம்மதமில்லை. மன்ரோவில் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஹார்ப்பர் லீயின் ஊர். பழைய நீதிமன்றக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, இந்த நாவலை வருடா வருடம் நாடகமாகப் போடுகிறார்கள். அதே ஊரில் 1986-ல் வெள்ளைக்கார இளம்பெண் ஒருவர் கடைக்குள் கொல்லப்பட்டார். மறு வருடம் வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பரைக் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார், சர்ச் ஆட்களும் உறவினர்களுமாகப் பலர் பார்த்திருக்கிறார்கள். விசாரணைக்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1988-ல் விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. 12 ஜூரிகளில் 11 பேர் வெள்ளையர். அவர்கள் பரிந்துரைத்தது ஆயுள் தண்டனை. நீதிபதி அதை மீறி மரண தண்டனை கொடுத்தார்! அலபாமாவில் அப்படி மீறும் அதிகாரம் 2017 வரை இருந்தது.

பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள், செவ்வந்தி. பலர் கூண்டேறிச் சொன்னார்கள். ஜூரி நம்பவில்லை, ஏனென்றால் சொன்னவர்கள் கறுப்பர்கள். பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின வக்கீல் வந்து, முக்கிய சாட்சியைப் பொய் சொல்லக் கட்டாயப்படுத்திய ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்தார். மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு. 1993 மார்ச்சில் மெக்மில்லியன் விடுதலையானார். சாட்சியின் துணிச்சலை யாராவது விடாமல் சுமந்துகொண்டு மேல்கோர்ட் வரை போகாவிட்டால், மோஸ் ரைட்டுக்கு நடந்தது மறுபடி மறுபடி நடக்கும்.

#12 செவ்வந்தி

வழக்காடி ஐயா, இந்த உதாரணத்தை முழு மனதோடு ஏற்கிறேன். அதில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டீவன்சன் அட்டிகஸ் மாதிரி இல்லை. அட்டிகஸ் ஜூரிகளை நல்லவர்களாக நம்புகிறார், இந்த ஊர் ஒருநாள் மாறும் என்று காத்திருக்கிறார். பெண்கள் ஜூரியில் உட்காரவே முடியாத மாநிலம் அது, 1966-ல்தான் நீதிமன்ற உத்தரவால் அந்தத் தடை விழுந்தது. கறுப்பர்களின் பெயர் ஜூரிப் பட்டியலில் வருவதே இல்லை. அட்டிகஸ் அந்தப் பட்டியலை எதிர்த்து ஒரு மனுகூடப் போடவில்லை.

லீபோவிட்ஸ் போட்டார். டெகேட்டரில் கறுப்பின மருத்துவர்கள், பாதிரியார்கள் வரிசையாகக் கூண்டேறி, ஜூரியில் உட்காரும் தகுதி எங்களுக்கு இருக்கிறது, ஒருமுறைகூட அழைத்ததில்லை என்று சொன்னார்கள். நியூயார்க் வக்கீல் வழக்கு முடிந்ததும் ரயிலேறுவார். இவர்கள் அதே ஊரில், அதே தெருவில் இருக்க வேண்டியவர்கள். அதிகாரிகள் பழைய பட்டியலில் கறுப்பர்களின் பெயரைப் பின்னால் செருகி ஏமாற்றப் பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தை உச்ச நீதிமன்றத்துக்கே எடுத்துப் போனார்கள், நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். 1935 ஏப்ரல் தீர்ப்பு அதில் பிறந்தது: இனத்தின் பேரில் ஜூரியிலிருந்து ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம். நாவலின் விசாரணை நடப்பது அதே 1935 கோடையில்! மேகோம்ப்பில் ஒருவரும் அந்தத் தீர்ப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வக்கீல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதிரியார்களைக் கூண்டுக்குக் கூப்பிடுகிற வக்கீல் வேண்டும்.

#13 வழக்காடி

1935 தீர்ப்பு விஷயத்தில் உங்களுக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். தேதிகளை நான் இப்படிச் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் ஜெயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#14 குறிஞ்சி

விட்டுக்கொடுக்க வேண்டாம் சார், யாரும் கேட்கவில்லை. எம்மெட் டில் வழக்கின் நீதிமன்ற நடவடிக்கைப் பதிவு பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்தது. 2004-ல் எஃப்.பி.ஐ. வழக்கை மறுபடி தோண்டியபோது ஒரு பிரதி கிடைத்து, இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மோஸ் ரைட்டின் சாட்சியமும், அவரை எதிர்த்தரப்பு வக்கீல்கள் செய்த குறுக்கு விசாரணையும் அதில் இருக்கின்றன. இருட்டில் எப்படி அடையாளம் கண்டாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர் மாற்றிச் சொல்லவே இல்லை. ஒரு வக்கீலாக அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, அவரை நீங்கள் எப்படி விசாரித்திருப்பீர்கள், எந்த இடத்தில் ஆட்சேபம் எழுப்பியிருப்பீர்கள் என்று இங்கே எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்.

#15 வழக்காடி

ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிட்டு எழுதுகிறேன்.